வார்ஃபரினும் முருங்கைக்கீரையும்

எங்கள் கொல்லை முருங்கையில் இளந்தழைக்குப் பஞ்சமே கிடையாது, மேடம். கீரை சமைத்துப் போட்டதற்காக ஒரு பெண்ணை ஸ்டேஷனில் உட்கார வைப்பது திருத்துறைப்பூண்டியில் இதுதான் முதல்முறையாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் பரணிதரன் கல்யாணமான மறுமாதமே சிங்கப்பூர் போனவர். வருடத்துக்கு ஒரு மாதம்தான் எனக்குப் புருஷன். இதய வால்வு கெட்டுப்போய்த்தான் ஊர் திரும்பினார். தஞ்சாவூரில் உலோக வால்வு வைத்து, அதில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயரை டாக்டர்தான் பிரித்துச் சொன்னார். முன்பாதி, அதற்குப் பணம் போட்ட அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் முதலெழுத்துகள். பின்பாதி, கூமரின் என்ற ரசாயனத்தின் வால். முதலில் எலிக்கு வைத்த விஷமாம்.

"வயல்ல எலிக்கு வைக்கிறத எனக்கே குடுக்குறீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே இவர் வெளியே போனார்.

டாக்டர் என்னை நிறுத்தினார். "கீரைய திடீர்னு கூட்டிடாதீங்கம்மா. மாத்திரை வேலை செய்யாது. ரத்தம் கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும்." சாப்பாட்டு விஷயத்தைச் சமைக்கிறவளிடம் சொன்னால் போதும் என்று நினைத்தார் போலும்.

என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அப்போதெல்லாம் நடப்பார். அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. பிறகு தேறிவிட்டார். குறுவை நடவு சமயம், "சுடரு, கம்பெனில திரும்பக் கூப்புடுறாங்க. அடுத்த மாசம் கெளம்புறேன்" என்றார். "சாப்பிட வாங்க" என்றேன்.

அன்றிலிருந்து பொரியல், கூட்டு, அடை, சூப் எல்லாம் கீரைதான்.

"தெனமுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ரத்தம் ஊறும்னு டாக்டருதாங்க சொன்னாரு."

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனைக்குப் போக வேண்டிய நாளில், நடவுக்கு ஆள் வந்திருக்கிறது என்று தள்ளிவைத்ததும் நான்தான். அவர் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விமானம் ஏறுவதற்குள் நடக்குமா, நடக்காதா என்ற பதைப்பில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

பெட்டி கட்டிய அன்று காலை டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆம்புலன்ஸை நானேதான் கூப்பிட்டேன், கொஞ்சம் பொறுத்து.

அவர் தங்கை வானதி புகார் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கொல்ல நினைக்கவில்லை; என்னோடு இருக்கட்டும் என்றுதான். ஆனால் மதியத்துக்குள் விட்டுவிடுங்கள், நான் ஊட்டினால்தான் அவருக்கு வயிறு நிறையும். வானதி ஊட்டும்போதெல்லாம் வாயைத் திறக்கிறார். என்னைக் கண்டால் மட்டும் இறுக மூடிக்கொண்டு அழுகிறார். அவ்வளவு பாசம் என் மேல்.