ஊட்டிக்குக் கிளம்பிய இரண்டு டீச்சர்கள்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் பெட்டிகளோடு இரண்டு அம்மாக்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாக இருந்து ரிட்டயரானவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“குளிக்கிற தொட்டியில படுத்துக்கலாமாம், வசந்தா. ஊட்டியிலயே பெரிய ஓட்டலு அது.”

“பென்ஷன் பணத்துல இது தேவையான்னு பையன் கத்தறான், ஹமீதா. காசிக்குப் போறேன்னா அவனே டிக்கெட் எடுத்துக் குடுத்திருப்பான்.”

“நீ இன்னா சொன்ன?”

“முப்பது வருஷமா எல்லாருக்கும் நான் வெந்நீர் வெச்சேன், எனக்கும் யாராவது வெக்கட்டுமேன்னு சொன்னேன். மூணு நாளா அவன் எங்கிட்ட பேசல.”

“அப்ப திரும்பிடலாமா?”

“ஏன் திரும்பணும்? பெட்டியத் தூக்குடி, பஸ் வந்துடுச்சு.”

இருவரும் அதே சேலம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள்; நான் பின் சீட்டில். பஸ் கிளம்பும் நேரத்தில், சைக்கிளில் மூச்சிரைக்க வந்த ஒருவர் ஜன்னல் வழியாக ஒரு ஸ்வெட்டரை நீட்டினார்.

“அம்மா, அங்க குளிர் ஜாஸ்தி. இத்தப் போட்டுக்க.”

வசந்தா டீச்சர் அதை வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

“எப்பம்மா வருவ?”

“இடம் பிடிச்சுப்போச்சுன்னா லேட்டாவும். நீ வேளைக்குச் சாப்பிடு.”