ரொம்ப தூரம்

ஷாமளா: அலமாக்! தீபன், நம்ம படகு மறுபடியும் நின்னுடுச்சு பாரு.

தீபன்: நிக்கல லா. யோசிக்குது.

ஷாமளா: ஆளே இல்லாத படகு... யோசிக்குதாம்!

தீபன்: நாமதானே சொல்லிக் குடுத்தோம்? இத்தனை டிகிரி, இத்தனை மீட்டர்னு கறாரா இல்லாம... காத்து கொஞ்சம் ஜாஸ்தின்னா பாய லேசா தளர்த்து. வழி ரொம்ப விலகினா சுக்கான நல்லா திருப்புன்னு.

ஷாமளா: எங்கம்மா கொழம்புக்கு உப்பு போடற மாதிரி.

தீபன்: அதேதான். நான் வேல செய்யற செனாய் ஃபேக்டரியில இதச் சொன்னா சிரிக்கிறானுங்க.

ஷாமளா: சிரிக்கட்டும். இந்த மெர்சிங் கடல பாரேன்... தண்ணி எது, வானம் எதுன்னே தெரியல. தீவு ஒரு நேரம் இருக்கு, ஒரு நேரம் இல்ல.

தீபன்: ம்... தூக்கத்துல நடக்கற மாதிரி இருக்கு.

ஷாமளா: நார்வேக்காரங்க இன்னும் லைவ்ல பாத்துட்டு இருக்காங்களா?

தீபன்: இருக்காங்க. படகு அந்த மிதவையச் சுத்திட்டு தானா கரைக்கு வந்துட்டா எனக்கு அங்க வேல. அடுத்த மாசமே பிளைட்டு.

ஷாமளா: அங்க... ரொம்ப குளிருமில்ல?

தீபன்: இதோட பத்து தடவ கேட்டுட்ட.

ஷாமளா: சும்மாதான் கேட்டேன். ஏய், திரும்புது பாரு!

தீபன்: முழுசா திரும்பல. மிதவைக்குப் போக பாதி மனசு, வீட்டுக்கு வர பாதி மனசு. அப்படியே ஆடிக்கிட்டு நிக்குது.

ஷாமளா: பாவம்...

தீபன்: ரொம்ப தூரம் போனா திரும்பி வந்துடுன்னு ஒரு விதி வச்சோமே. மிதவையத் தாண்டினாத்தானே அது ரொம்ப தூரம்? இதுக்குப் பாதி வழியே...

ஷாமளா: தீபன்.

தீபன்: சொல்லு.

ஷாமளா: அது... நான்தான். நேத்து அந்த ‘ரொம்ப தூரத்த’ கிட்ட இழுத்து வச்சுட்டேன். வாயத் தொறந்து திட்டேன்! நீ போறது எனக்குப் பிடிக்கல. அத மூஞ்சிக்கு நேரா சொல்ல தைரியமில்ல. நீ எவ்ளோ ஆசப்பட்ட வேல... நான் ஒரு லூசு. இரு, போன்லயே மாத்திடறேன். இப்பவே மாத்தினா மிதவைக்குப் போயிடும்.

தீபன்: போன உள்ள வை, ஷாமளா. நீ மாத்தினத நான் காலையிலயே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் தண்ணியில விட்டேன்.