ஆறாம் நாள் வெந்நீர்

கொடைக்கானலில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஆனால் சூடு கொஞ்சம் குறைவு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து இந்த ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்த முதல் வாரமே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று டிகிரி.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நோஞ்சானாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு எங்களிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. சுற்றிலும் நான்கு வெந்நீர்ப் பாட்டில்கள், தலைமாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர். கொதித்த தண்ணீரிலேயே சூடு குறைவு என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீர் மாற்ற வேண்டும். பெட்டியும் சிலிண்டரும் என் பொறுப்பு.

1961 ஜனவரியில் மன்னவனூர் சின்னத்தாயியின் குழந்தை கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தது. அழவில்லை. டாக்டர் ஆக்ஸிஜன் குழாயை அதன் முகத்தருகே பிடித்தார். சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் நிற்பதை நான் பார்த்தேன். டாக்டரிடம் நானாகப் பேசிப் பழக்கமில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆயா காளியாயி கத்தினாள்.

“அய்யா, காத்தே வரலைங்க. ஏம்மா விசாலாட்சி, படிச்ச புள்ளதான நீயி? வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும்?”

வேறு சிலிண்டர் வர ஏழு நிமிடம் ஆனது.

மாலையில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. மூளைக்குக் காற்று போதவில்லை, பிழைத்தாலும் தலை நிற்காது, பேச்சு வராது என்றார் டாக்டர். குழந்தையைப் பெட்டியில் வைத்து, மூக்கில் குழாய் விட்டுத்தான் பால் கொடுத்தோம். தானாக உறிஞ்சிக் குடித்தால் நம்பிக்கை உண்டு, உடனே சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

சின்னத்தாயி பெட்டியை விட்டு நகரமாட்டாள். என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

“பழனிக்கு மொட்ட நேந்துருக்கேங்க. நடந்தே தூக்கிட்டுப் போயிருவேன். பாருங்க டாக்டரம்மா, முழிச்சா உங்களத்தான் பாக்குது.”

இருபது வருடம் அவள் அதை இடுப்பில் சுமந்துகொண்டு பூண்டு வயலில் குனிந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவளுக்காக யாராவது யோசிக்க வேண்டும் என்று பட்டது.

ஆறாம் நாள் காலை என்னிடம் ஓடிவந்தாள். “சங்குல வச்ச பால உறிஞ்சிக் குடிச்சிருச்சுங்க. வெரலப் புடிக்குதுங்க.”

“சரிம்மா. நீங்க போய்ப் படுங்க. நான் பாத்துக்கிறேன்.”

ஆறு நாளாகத் தூங்காதவள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

பத்து மணிக்கு நான் வெந்நீர் மாற்றவில்லை. பன்னிரண்டுக்கும் மாற்றவில்லை. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தேன். மூடுபனி உள்ளே வந்தது. சார்ட்டில் இரண்டு தடவையும் குழந்தையின் உடம்புச் சூடு தொண்ணூற்றேழு டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதினேன். குழந்தை அழவில்லை. இரண்டு மணிக்கு மூச்சு நின்றிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

சின்னத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசி வரைக்கும் நீங்களாவது கூட இருந்தீங்களே என்றாள். அவளுக்காகத்தான் செய்தேன்.

அவள் போன பிறகு டாக்டர் என்னிடம் கேட்டார். “ஒரு தடவையாவது பால் உறிஞ்சிக் குடிச்சுதாம்மா?”

இல்லை என்றேன். அவரிடம் நான் தயங்காமல் பேசியது அன்றுதான்.