ஏணியைப் பிடித்தவள்

முதலில் காப்பி ஊற்றிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். எங்கள் கட்சி அலுவலகத்தில் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.

நாங்கள் வலதும் இல்லை, இடதும் இல்லை. டென்மார்க்கில் எங்களைப் போல நடுவில் நிற்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஊர்க் கிளைக்கு நான் செயலாளர். கல்யாணம், குழந்தை என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கட்சிதான் எனக்குக் குடும்பம்.

மோகென்ஸ் எங்கள் தலைவர், நகரசபைத் தேர்தலுக்கு வேட்பாளரும் அவன்தான். தங்கமான மனுஷன். கம்பு ரொட்டியில் ஹெர்ரிங் மீன் வைத்து எனக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டு வருவான்.

சுவரொட்டி மாட்ட அனுமதி தொடங்கும் சனிக்கிழமை மதியம் ஊர் எப்படி அமளிப்படும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாக் கட்சிக்காரர்களும் ஏணியைத் தூக்கிக்கொண்டு நல்ல விளக்குக் கம்பம் தேடி ஓடுவார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே ஓடினோம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கம்பம் கிடைத்தது. அவன் ஏறினான், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"வீபெக்கே, இதுதான் நம்ம கடைசித் தேர்தல்" என்றான் மேலிருந்து. "முடிஞ்சதும் வலதுசாரிக்காரங்களோட சேந்துடறோம். பேசி முடிச்சாச்சு. சாயந்திரம் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"கமிட்டியில கேக்கவே இல்லையே?"

"உன்னையா கேக்கறது? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லுவ. நீ முடிவெடுக்கறதுக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சுடும்."

நானும் சிரித்துவிட்டேன்.

எங்கள் கட்சியில் விவாதிக்காமல் எதுவும் செய்வதில்லை. அங்கேயே மனதுக்குள் விவாதித்தேன். ஓட்டு குறைந்துகொண்டே வருகிறது. அவன் சொல்வதும் நியாயம்தான். கட்சி போய்விட்டால் நான் யாரோடு காப்பி குடிப்பேன்? இதுவும் நியாயம்தான். இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று ஏகமனதாக முடிவானது.

இறுதிச்சடங்கில் எல்லாக் கட்சிக்காரர்களும் பாடினார்கள், அவ்வளவு அருமையாக இருந்தது. அவனுக்குப் பதில் நான் நின்றேன். அனுதாப ஓட்டில் எங்களுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. மோகென்ஸ் இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பான்.

கொலை என்று எழுதுகிறீர்களே, அது கொஞ்சம் தீவிரமான வார்த்தை. ஏணியிலிருந்து நான் எடுத்தது ஒரு கையைத்தான். தள்ளியது மறு கையால் மட்டும்தான். இரண்டு கையாலும் தள்ளுகிற ரகம் நான் இல்லை, இன்ஸ்பெக்டர்.