மூன்று நாள் பிந்திய தமிழ்த் தாள்

1989 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. முப்பத்தோராண்டு அரச சேவையாற்றி இளைப்பாறிய ஒருவருக்கு அவருடைய அலுவலகம் ஒரு மாலை அணிவிக்கவில்லை. ஒரு கோப்பைத் தேநீரும் கொடுக்கவில்லை. இது முறையன்று. ஆகையால், அவருடைய அலுவலகத்தாரல்லாத நாங்கள், நமுனுகுல மலைச்சாரலில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள்கள் கூடும் பெரட்டுக் களத்தில், இம்மடலை வாசித்தளிக்கின்றோம்.

மும்மொழியும் முற்றக் கற்ற முதுபெரும் மொழிபெயர்ப்பாளர் ஜனாப் ஸரூக் அவர்களே! நாற்றிசை நாடுகள் நவின்றதை நற்றமிழாக்கி இம்மலைக்கு நல்கிய நல்லவரே! தங்கள் புகழைத் தங்களிடமே சொல்வது எளிது. நடந்ததை இந்த அவை கேட்பதே இன்று வேண்டுவது. சற்று நேரம் அவையை நோக்கிப் பேசுகிறோம், பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு தை மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் இலண்டன் மாநகரிலே கூடினர். எயிட்ஸ் என்னும் கொடுநோயை எதிர்த்து ஒன்றுபட்டு உழைப்பதென்றும், நோயுற்றோரை ஒதுக்கலாகாதென்றும், ஒருவரையொருவர் நம்பாத அரசுகளும் உடன்பட்டன. அதன் சாரம் ஐப்பசியில் ஒரு சுற்றறிக்கையாகிப் பதுளையில் ஸரூக் அவர்களின் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப்படி பின்னர் வரும் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அது வரவில்லை. நானே மொழிபெயர்க்கட்டுமா என்று மும்முறை எழுதிக் கேட்டார். மறுமொழியும் வரவில்லை.

மார்கழியில், பிறப்புச் சான்றிதழ் ஒன்றை மொழிபெயர்க்க அவரிடம் போன எங்கள் கணக்கப்பிள்ளை கணபதி பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். கொழும்பில் வேலைபார்த்த மாரியாயியின் மகன் பொன்னையா அந்த நோயோடு, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பியிருந்தான். மலையூற்று நீர் விழும் பொதுப் பீலியில் தாயும் மகனும் தண்ணீர் பிடிக்கக்கூடாதென்று லயத்தார் மறித்தனர். மாரியாயி கீழ் ஓடையிலிருந்து குடம் சுமந்தாள்.

அன்று மாலையே ஸரூக் அவர்கள் தம் கையால் ஒரு பக்கம் எழுதினார். தொட்டால் ஒட்டாது, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தால் பரவாது, உடனிருந்து உண்டாலும் பரவாது. மறுநாள் பஸ்ஸேறி வந்து, அடுத்த காலைப் பெரட்டில், ஆள்களை வேலைக்குப் பிரிக்கும் வேளையில் வாசிக்குமாறு கணபதியிடம் நீட்டினார்.

“சீலு எங்கங்க?” என்றார் கணபதி.

“எழுதினது நான். சொன்னது அரசாங்கம்.”

“சீல் இல்லாத கடுதாசிய வாசிச்சா தொரை என்னையத்தாங்க கேப்பாரு. கல்யாணக் கடுதாசின்னா ரெண்டு தடவ வாசிச்சிருவேன்.”

முத்திரை ஸரூக் அவர்களின் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. முந்திய மாலை அதைக் கையிலெடுத்தவர், மறுபடியும் உள்ளே வைத்துவிட்டே வந்திருந்தார். மேலதிகாரியின் ஒப்பமில்லாத தாளில் அதனை அழுத்தாத ஒழுக்கம் அவருடைய முப்பத்தோராண்டுப் பெருமை. அன்று அப்பெருமையோடுதான் பதுளைக்குத் திரும்பினார். இறங்கியதும் நேரே அலுவலகம் போய், தாளில் முத்திரையைக் குத்தினார். ஆனால் கிளர்ச்சியால் நாடு குழம்பிக் கிடந்த காலம். மூன்று நாள் பஸ் ஓடவில்லை.

அவர் மீண்டும் வந்தபோது பொன்னையா இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. பாடை தூக்க நால்வர் வரவில்லை. மாரியாயியும் அவள் தம்பி அழகரும் சாக்கில் கம்பு கோத்து அவனைச் சுமந்து போயிருந்தனர்.

மறுநாட் காலை கணபதி அந்தத் தாளை உரக்க வாசித்தார். மாரியாயி மட்டும் ஸரூக் அவர்களின் அருகே வந்து நின்றாள்.

“அன்னைக்கும் இதே கடுதாசிதாங்களா?”

“இதேதாம்மா.”

“அப்ப இதுல என்னா புதுசு?”

அவர் முத்திரைமேல் விரலை வைத்தார். “இது மட்டுந்தான்.”

“இந்த ஊதா வட்டம் வர்றதுக்குள்ளயா எம்புள்ள சாக்குல போனான்?”

முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியமைக்கு அலுவலகம் பின்னர் விளக்கம் கேட்டபோது அவர் ஒரே வரி எழுதினார்: “குத்தியது உண்மை, முந்திய நாளே குத்தாததும் உண்மை.” மாலை மறுக்கப்பட்டது அந்த ஒரு வரிக்காகவே.

பெருந்தகையீர்! குறையே இல்லாதவர் என்று தங்களைப் புகழோம்; அப்புகழைத் தாங்கள் ஏற்கமாட்டீர். பிந்தியேனும் வந்தவர் தாங்கள் ஒருவரே என்று புகழ்கின்றோம். ஆங்கிலமும் சிங்களமும் அறிந்த எத்தனையோ கைகளைக் கடந்த அந்தச் செய்தி, தங்கள் கையில் மட்டுமே எங்களுக்கென நின்றது. நோயின்றி, நோவின்றி, நெடுங்காலம் வாழ்க என வாழ்த்துகின்றோம். வாழ்த்தும்போது நா கூசுகிறது. வாழ்த்துகிற வாய்களுட் பல அன்று பீலியை மறித்தவை.

இதன்கீழ்ப் பதிந்திருப்பவை நாற்பத்தொரு பெருவிரல் அடையாளங்கள். முதலாவது மாரியாயியுடையது. இம்மடலின் மற்றொரு படி இப்பெரட்டுக் களத்துச் சுவரில் தொங்கும்.

அதன்முன் நின்று வாசிப்பவரே, மாரியாயி பீலிக்கு வரும்போது இன்றும் சிலர் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். எங்கள் தமிழை வியந்து தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். இப்போதே பீலிக்கரைக்குப் போம். அவள் குடத்திலிருந்து, எல்லாரும் பார்க்க, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடியும்.