உக்கடம் வருவதற்குள்

"இப்ப நான்தான் உன்ற மாமனார். பேசு பார்க்கலாம்."

பொள்ளாச்சியிலிருந்து கோவை வரும் பேருந்தில், கிணத்துக்கடவு தாண்டியதும் என் முன் இருக்கையில் இப்படி ஒரு குரல் கேட்டது. சொன்னவள் சாந்தாமணி. பக்கத்தில் பர்தா அணிந்த அவள் தோழி நசீமா. இருவரும் சரித்திரம் படித்தவர்கள். நசீமாவுக்குக் கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. புகுந்த வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"நம்ம பொம்பளைங்க ஆம்பளப் பசங்களுக்குப் பாடம் எடுக்கறதா?" சாந்தாமணி குரலைக் கட்டையாக்கிக் கேட்டாள்.

"எழுநூறு வருசத்துக்கு முந்தியே டமாஸ்கஸ்ல பொம்பளைங்க நபி சொன்ன ஹதீஸைச் சொல்லிக் குடுத்தாங்க மாமா. மார்க்கம் படிச்ச பெரிய ஆலிமுங்களே அவங்ககிட்டப் படிச்சு சான்று வாங்கிட்டுப் போனாங்க."

"வேற?"

"மதரஸா கட்டி வெச்சாங்க. யாவாரம் பண்ணுனாங்க. டில்லியில ஒருத்தங்க சுல்தானாவா சிம்மாசனத்துலயே உக்காந்தாங்க."

"அந்தம்மாவைக் கொன்னுபோட்டாங்களே!"

"அதை நான் சொல்ல மாட்டேன் புள்ள!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உக்கடத்தில் நானும் இறங்கினேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் காத்திருந்தார். நசீமாவின் நிஜ மாமனார். "மாமா" என்று தொடங்கியவள் வேலை, டமாஸ்கஸ், டில்லி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அவங்க ஊட்டுலயெல்லாம் சோறாக்குனது யாரு கண்ணு?"

சாந்தாமணி முந்திக்கொண்டாள். "மாமனாருங்களா இருக்கும்ங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்கு டீ மட்டுந்தான் போடத் தெரியும். எப்ப வேலைக்குச் சேரோணும்?"