உட்கார விடாத பாட்டு

காஜா பெராங்கிலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், மடியில் சந்தைக்குப் போகும் பாசார் கூடைகள். இளையவள் பெருமூச்சு விட்டாள். முகத்தில் மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

“எங்க வீட்டுல மூணு நாளா யாரும் நிம்மதியா உட்காரலக்கா.”

“ஏன், என்ன ஆச்சு?”

“சுதந்திரம் கெடைக்கிற மெர்டேக்கா அன்னிக்கு பாடாங் திடல்ல நம்ம நாட்டோட புது தேசிய கீதம் பாட, என் மக படிக்கிற டீச்சர் காலேஜில பிள்ளைங்கள பொறுக்கி எடுத்திருக்காங்க. அவளுக்கு முன்வரிசை. நல்லாப் பாடுனா அடுத்து கோலாலம்பூருக்கும் கூட்டிட்டுப் போவாங்களாம். வீட்டுல விடாம பழகுறா. அந்தப் பாட்டு கேட்டா எல்லாரும் எந்திரிச்சு நிக்கணுமாம்.”

“வீட்டுக்குள்ளயுமா?”

“எங்க கேட்டாலும்னு சொல்லிட்டா. எனக்கு அடுப்புல ரசம் பொங்கி வழியுது. அவங்கப்பா சோத்துக் கையோட நிக்கிறாரு.”

“அவரு ஒன்னும் சொல்லலியா?”

“எஸ்டேட்டுல துரை காரு வந்தா எந்திரிச்சு நின்ன மனுசன்க்கா. இப்ப மக பாடுறதுக்கு நிக்கிறாரு. முடிஞ்சதும், ‘இன்னொரு தடவ பாடும்மா’ங்கிறாரு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“எப்படி இருக்கும்? கொஞ்சம் பாடிக் காட்டு.”

“எனக்கு எங்க வருது!” என்றவள், வெட்கத்தோடு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

மூத்தவள் கூடையைக் கீழே வைத்தாள். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஐயோ, உட்காருக்கா. பஸ்ஸு ஆடுது.”

“நீ பாடி முடி. அப்புறம் உட்கார்றேன்.”